பதினாறு வயதுக்கு எந்தக் குறள்?

கன்பூசியஸின் மாணவர்களில் சென் காங் என்றொருவர். ஆசான் தம் சொந்த மகனுக்கு மட்டும் ஏதாவது தனியாகச் சொல்லிக்கொடுக்கிறாரோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். மகன் போயூவிடமே கேட்டுவிட்டார். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்கிறான் போயூ. ஒருநாள் அப்பா முற்றத்தில் தனியே நின்றிருந்தபோது இவன் வேகமாகக் கடந்து போயிருக்கிறான். அவர் நிறுத்தி, கவிதைத் தொகையைப் படித்தாயா என்று கேட்டார். இல்லை என்றான். அதைப் படிக்காதவனுக்கு நாலு பேர் முன்னால் பேச ஒன்றும் இருக்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொரு நாள் இதேபோல் சடங்கு முறைகளைப் படித்தாயா என்று கேட்டார். மகனுக்குக் கிடைத்த தனிப் பாடம் அவ்வளவுதான்.

அந்தத் தொகையின் சீனப் பெயர் ஷி சிங். 305 பாடல்கள் கொண்டது. அதில் 160 பல்வேறு நாடுகளின் பாடல்கள். அவற்றில் காதலும் பிரிவும் ஏச்சும் ஏக்கமும் நிறைய. தமிழ் வாசகர்களுக்கு இது அறிமுகமில்லாத நூலல்ல. இந்திய வெளியுறவுப் பணியில் பணியாற்றியவரும் ‘பயணி’ என்ற பெயரில் எழுதுபவருமான ஸ்ரீதரன் மதுசூதனன் சீனத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த தேர்ந்தெடுத்த பாடல்கள் ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்ற நூலாக 2012இல் காலச்சுவடு வெளியீடாக வந்தன. அவர் அதைக் கவித்தொகை என்று அழைக்கிறார். சீனாவின் சங்க இலக்கியம் என்று துணைத்தலைப்பும் கொடுத்தார். அந்த ஒப்பீடு வெறும் விளம்பரமல்ல என்பதைப் படிக்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

தொகையின் முதல் பாடலில் ஆற்றுத்திட்டில் பறவைகள் ஒன்றையொன்று கூவி அழைக்கின்றன. ஓர் இளைஞன் ஒரு பெண்ணை நினைத்துத் தூக்கம் வராமல் படுக்கையில் புரளுகிறான். இந்தப் பாடலில் தொடங்கும் முதல் பகுதியையும் அதற்கடுத்த பகுதியையும் படிக்காதவன் சுவரைப் பார்த்து நிற்பவன் மாதிரி என்று கன்பூசியஸ் அதே மகனிடம் இன்னொரு சமயம் சொல்கிறார். இளம் மாணவர்களிடம் அவர் காரணங்களையும் அடுக்கினார். கவிதை மனத்தைக் கிளர்த்தும், கூர்ந்து பார்க்க வைக்கும், பிறரோடு சேர்ந்திருக்கப் பழக்கும், மனக்குறையை வெளியே சொல்லக் கற்றுத்தரும். போதாததற்குப் பறவை, விலங்கு, செடிகொடிகளின் பெயர்களும் தெரிந்துகொள்ளலாம். நான்காவது காரணத்தில்தான் என் கண் நிற்கிறது. பிள்ளைகள் தம் மனக்குறையைச் சொல்லப் பழகட்டும் என்பதற்காக ஒரு நூலைப் பாடமாக வைத்த கல்வித்திட்டம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?

நம் ஊரில் வளரிளம் பருவத்தினரை நெறிப்படுத்த எடுத்த நூல் திருக்குறள். அதில் தவறில்லை. வள்ளுவர் பிறந்ததாக மயிலாப்பூர் உரிமை கொண்டாடுகிறது. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலுக்கு அருகே அவருக்குக் கோயிலே இருக்கிறது. தி.நகரிலிருந்து நடக்கும் தூரத்தில் வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் இருக்கின்றன. 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு அரசாணை வந்தது. வகுப்புக்கு 15 அதிகாரம், ஏழு வகுப்புக்கு 105 அதிகாரம், 1050 குறள்.

காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் இந்தக் கணக்கில் இல்லை. நீதிமன்றமும் அதைக் கேட்கவில்லை, அரசும் கொடுக்கவில்லை, பெற்றோர் யாரும் ஏன் இல்லை என்று கேட்டதாகவும் தெரியவில்லை. மேல்வகுப்புப் பாடநூல்களில் குறளுக்கு மேலே ‘வாழ்வியல்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் வாழ்வில் அந்த 250 குறள் சேராது என்பது முடிவு போலும்.

இதிலொரு வேடிக்கையும் உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை ஆண்டுதோறும் நடத்தும் திருக்குறள் முற்றோதலில் 1330 குறளையும் ஒப்பிக்கும் பள்ளி மாணவருக்குப் பரிசு தருகிறார்கள். முன்பு 10,000 ரூபாய், இப்போது 15,000. குறள் எண்ணைச் சொன்னால் குறளைச் சொல்ல வேண்டும், முதற்சீரைச் சொன்னாலும் சொல்ல வேண்டும், ஈற்றுச் சீரைச் சொன்னாலும் சொல்ல வேண்டும். பொருள் தெரிந்திருந்தால் அது கூடுதல் தகுதி. ஆக, ஏழாம் வகுப்புப் பிள்ளை காமத்துப்பாலை மேடையில் கடகடவென்று ஒப்பிக்கலாம், பரிசும் வாங்கலாம். அதன் பொருளை வகுப்பில் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் இடமில்லை.

இந்த ஒதுக்கல் நேற்று வந்ததல்ல. மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் இரண்டு, குறளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன பாதிரியார்களுடையவை. வீரமாமுனிவர் 1730 வாக்கில் லத்தீனில் பெயர்த்தபோது மூன்றாம் பாலைத் தொடவில்லை. பின்னால் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ட்ரூ, அதை ஐரோப்பிய மொழியில் பெயர்த்தால் பெயர்த்தவனுக்கே அவப்பெயர் என்று எழுதினார். ஜி.யு. போப் 1886இல் முழு நூலையும் ஆங்கிலத்தில் தந்தவர். ஆனால் அவருமே, முன்தீர்மானத்தால் பல ஆண்டுகள் அந்தப் பாலைப் படிக்காமல் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார். படித்த பிறகு மனம் மாறினார். போப்புக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு நம் பாடத்திட்டக் குழுக்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பழி முழுவதையும் பாதிரியார்கள் தலையில் போடுவதும் சரியில்லை. சீனத்தில் பாதிரியார் எவரும் வருவதற்கு வெகு முன்பே இதே வேலை நடந்திருக்கிறது. ஹான் காலத்து மாவோ உரை, தூங்காத இளைஞனின் பாடலை அரசியின் கற்பு பற்றிய பாடலாக்கியது. அரசனுக்குத் தகுந்த பெண்களைப் பொறாமையில்லாமல் தேடித்தரும் உத்தமி அவள் என்று விளக்கம். திருக்கோவையாரைச் சிவனும் ஆன்மாவுமாகப் படித்த நம் மரபுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஆயிரம் ஆண்டுக்கு மேல் சீன மாணவர்கள் அப்படித்தான் படித்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ ஷி என்ற பெரும் அறிஞர் வந்து, இவற்றில் பல வெறும் ஆண்பெண் காதல் பாட்டுகள், சில ஒழுக்கம் கெட்டவையும்கூட என்று போட்டு உடைத்தார். அது துணிச்சல்தான். ஆனால் அவர் வழிவந்த வாங் போ அதன் அடுத்த படிக்குப் போனார். கெட்ட பாட்டுகள் என்றால் தொகையில் ஏன் இருக்க வேண்டும், முப்பது பாடல் அளவுக்கு நீக்கிவிடலாம் என்று பட்டியலே போட்டார். பட்டியல் நிறைவேறவில்லை. கன்பூசியஸ் தொகுத்ததாக நம்பிய நூலில் கத்தி வைக்க யாருக்கும் கை வரவில்லை. 305 அப்படியே இருக்கிறது.

இருக்கட்டும், மழுப்பி உரை சொன்னாலும் பாடல் மாணவர் கைக்குப் போய்விடுகிறதே, அது போதாதா? இந்தக் கேள்வியை ஒரு நாடகமே எடுத்துக்கொண்டிருக்கிறது. 1598இல் தாங் ஷியான்சு எழுதிய ‘பியோனி மண்டபம்’. தூ லிநியாங் பதினாறு வயதுப் பெண். அப்பா மாவட்ட ஆட்சியர். மகளைப் பண்புள்ளவளாக வளர்க்க முதிய வாத்தியார் ஒருவரை அமர்த்துகிறார். எந்த நூலில் தொடங்கலாம் என்று யோசித்துக் கவித்தொகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் பாட்டே அரசியின் கற்பைப் பேசுகிறதல்லவா!

ஏழாம் காட்சியில் பாடம் நடக்கிறது. வாத்தியார் வரிவரியாக விளக்குகிறார். இது பறவை, இது அதன் கூவல். தோழிப்பெண் சுன்ஷியாங் குறும்புக்காரி. எப்படிக் கூவும் என்று கேட்கிறாள். கிழவர் கூவிக் காட்டுகிறார். அவளும் கூவுகிறாள். பாடம் கூத்தாகிறது. வாத்தியார் சளைக்காமல் ஒழுக்கப் பொருளுக்கு வருகிறார். அவர் காதலைப் பற்றிப் பேச்சை வளர்க்கவில்லை. லிநியாங் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகு சுன்ஷியாங் நமக்குச் சொல்கிறாள்: எஜமானி புத்தகத்தை மெல்லக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டாள், அந்தக் காலத்து மனிதருக்கும் இந்த மனம்தானே இருந்திருக்கிறது என்றாள். அதன்பின் அவள் தோட்டத்துக்குப் போகிறாள், கனவில் ஒருவனைக் காண்கிறாள், ஏங்கி நோயாகி இறந்தும் போகிறாள். காதல் அவளை உயிர்ப்பித்து எழுப்புவது பின்கதை.

பொதுவாக இந்த நாடகத்தைக் காதலின் வெற்றி என்று பேசுவார்கள். எனக்கு இது ஒரு தமிழ் வகுப்பின் கதையாகவும் படுகிறது. பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. வாத்தியாரால் அதைத் தடுக்க முடியவில்லை. அவர் செய்யாமல் விட்டது வேறு. பாட்டு எழுப்பியதைப் பற்றிப் பேச அந்தப் பெண்ணுக்கு ஒரு ஆள் இல்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது, அப்பாவிடம் நினைக்கவே முடியாது, வாத்தியாருக்குப் புரியாது. பேச ஆளின்றித்தான் அவள் நோயில் விழுகிறாள்.

இப்போது நம் ஊர் சபாவுக்கு வரலாம். தி.நகர் வாணி மகாலிலோ மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப்பிலோ ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போய் உட்காருங்கள். ஆடுபவளுக்குப் பெரும்பாலும் பதின்மூன்று பதினான்கு வயது. கச்சேரியின் நடுநாயகம் வர்ணம், முக்கால் மணி நேரம் போகும். அதில் அவள் நாயகி. மன்மதன் கரும்பு வில்லை வளைத்து அம்பு தொடுப்பதைக் கையில் காட்டுகிறாள். நிலவு சுடுகிறது என்கிறாள். போய் அவரை அழைத்துவா என்று தோழியிடம் கெஞ்சுகிறாள், வராத தலைவன்மேல் கோபித்து முகத்தைத் திருப்புகிறாள். முன்வரிசையில் தாத்தா பாட்டி கண் கலங்குகிறார்கள். காமத்துப்பாலின் பிரிவாற்றாமை, படர்மெலிந்து இரங்கல், புலவி எல்லாம் அந்த மேடையில் நடக்கின்றன. தலைவன் கடவுள் என்பதால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மறுநாள் பள்ளியில் இதே பெண்ணுக்கு இதே உணர்ச்சி பற்றிய குறள் பாடத்தில் கிடையாது.

இந்த முரண் நடன உலகில் ஒரு பெரிய வாதமாகவே நடந்தது. 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிரிலிருந்த சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்தினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆட வர அதுவே வழி திறந்தது என்பதையும் மறுக்க முடியாது. எதிர்த்தரப்பில் நடனக் கலைஞர் பாலசரஸ்வதி. 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில், சிருங்காரத்தைத் தூய்மைப்படுத்தத் தேவையே இல்லை, உணர்ச்சிகளில் அதற்கே முதலிடம், பக்திக்கும் அதுவே வழி என்று வாதாடினார். வாங் போவின் பட்டியலுக்கும் ஒரு மறுப்பை அந்த உரையில் படிக்கலாம். வர்ணத்தை இன்றைக்கும் பதினாலு வயதுப் பெண் ஆடுகிறாள் என்பதைப் பார்த்தால், மேடையில் பாலசரஸ்வதி தோற்றுவிடவில்லை. பாடநூலில்தான் அவர் நுழையவே இல்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த 25 அதிகாரங்களில்? உடல் வருணனை சொற்பம். பெரும்பகுதி, ஒரு மனம் தன்னைத்தானே பார்த்துக்கொள்வது. நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என்று இரண்டு அதிகாரம் முழுக்க ஒருத்தி தன் நெஞ்சோடு சண்டை போடுகிறாள். நீ என் நெஞ்சுதானே, அவர் பக்கம் ஏன் பேசுகிறாய் என்கிறாள். ஊர் வாய்க்கு அஞ்சுவதும் அந்த ஊர் வாயே காதலுக்கு உரமாகிவிடுவதும் அலர் அறிவுறுத்தலில். ஒளித்து வைத்தது தன்னையறியாமல் வெளியே வந்துவிடும் அவமானம் நிறையழிதலில்.

புலவி நுணுக்கம் என்ற 132ஆம் அதிகாரத்தை மட்டும் ஒரு பிளஸ் ஒன் வகுப்பில் வாசித்துப் பார்க்கலாம். எல்லாரையும்விட உன்மேல்தான் காதல் என்று அவன் சொல்கிறான். எவளெவளைவிட என்று அவள் பிடித்துக்கொள்கிறாள். இந்தப் பிறவியில் பிரியமாட்டேன் என்கிறான். அப்படியானால் அடுத்த பிறவியில் பிரிவாயா என்று அழுகிறாள். நினைத்தேன் என்கிறான். நடுவில் மறந்தால்தானே நினைக்க வேண்டும் என்கிறாள். தும்முகிறான், வாழ்த்துகிறாள், உடனே யார் நினைத்துத் தும்மினாய் என்று விம்முகிறாள். அடுத்த தும்மலை அடக்கினால், யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று மறுபடி அழுகை. நீல டிக் விழுந்தும் பதில் வராத இரவைக் கடந்த பிள்ளைக்கு இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. சிரிக்கும். சிரித்த பிறகு, இந்தச் சண்டையில் நியாயம் யார் பக்கம், சந்தேகம் அன்பாவது எதுவரை, எங்கே அது நச்சரிப்பாகிறது, அவன் இடத்தில் பெண்ணும் அவள் இடத்தில் ஆணும் இருந்தால் எப்படிப் படும் என்று வகுப்பு தானே பேச ஆரம்பிக்கும். ஆள்வினையுடைமையை வைத்து இப்படியொரு பேச்சை எழுப்புவது கஷ்டம். மடியின்மையில் முடியவே முடியாது. சோம்பல் கெட்டது என்பதற்கு மேல் வாதிட அங்கே எதுவும் இல்லை.

இதற்கு மேல் ஒரு கனமான காரணமும் உண்டு. குறள் உத்தரவு வந்த 2016 ஏப்ரலுக்கு முந்தைய மாதம், மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலித் இளைஞரான அவர் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்துகொண்டவர். நம் பிள்ளைகளுக்குக் காதல் வெறும் மனத் தடுமாற்றமாக மட்டும் இல்லை; உயிர் போகும் விஷயமாகவும் இருக்கிறது. இதைப் பற்றி நம் பழைய நூல்கள் பேசவில்லையா? உடன்போக்கு என்று ஒரு துறையே இருக்கிறது. கலித்தொகையின் ஒன்பதாம் பாட்டில், காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிச் செவிலித்தாய் காட்டுவழியில் அலைகிறாள். எதிரே துறவிகள் வருகிறார்கள். பார்த்தோம் என்கிறார்கள். பிடித்துத் தருகிறோம் என்று சொல்லவில்லை. சந்தனம் பிறந்த மலைக்கும் முத்து பிறந்த கடலுக்கும் இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் என்ன பயன், அணிகிறவர்க்கும் கேட்கிறவர்க்கும் அல்லவா அவை, உன் மகளும் அப்படித்தான், அவள் போன வழியும் அறத்தின் வழியே என்று அந்தத் தாயைத் தேற்றி அனுப்புகிறார்கள். அறத்துப்பாலைப் பாடமாக்கிய மாநிலத்தில், அறம் எது என்று ஒரு பெரியவர் இப்படிச் சொல்லும் பாட்டு ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் விழுந்திருக்க வேண்டாமா? பிள்ளைகளைவிடப் பெற்றோர் காதில்.

சங்க அகப்பாடல்கள் பாடநூலில் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். குறுந்தொகை, நற்றிணை, ஐங்குறுநூறு என்று ஆங்காங்கே உண்டு. வினாத்தாளில் அவை என்ன ஆகின்றன என்பதுதான் விஷயம். இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், புணர்ச்சி விதி, அடிபிறழாமல் எழுதுக. தலைவியின் இடத்தில் நீ இருந்தால் என்ற கேள்வி வருவது அபூர்வம். வந்தாலும் விடைக்குறிப்புக்கு அடங்காத பதிலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று ஆசிரியர் கை பிசைவார். மாநிலப் பாடத்திட்டமல்லாத பள்ளிகள் மலிந்த அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்தில் இந்த அளவுகூட இல்லை. 2006 சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம் என்றாலும், அகப்பாடல்கள் வரவேண்டிய மேல்வகுப்பில் பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நெறியை நெறியாகவே கற்பித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு கணக்குக் காட்டியது. 1984இல் அங்கே உயர்நிலை மூன்று, நான்காம் வகுப்புகளில் சமயக் கல்வி கட்டாயமானது. மாணவர் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடங்களில் ஒன்று கன்பூசிய அறநெறி. அதற்காக வெளிநாட்டு அறிஞர்களைக் கூட்டிவந்து பாடநூல் தயாரித்தார்கள். சீனப் பிள்ளைகளிலேயே அதைவிடப் பௌத்தத்தை எடுத்தவர்கள் மிகுதி. பத்து ஆண்டு முடிவதற்குள் கட்டாயத்தையே கைவிட்டார்கள். கடமை, மரியாதை என்று தலைப்புப் போட்டு வந்த கன்பூசியஸ், மகனை முற்றத்தில் நிறுத்திக் காதல் பாட்டுப் படித்தாயா என்று கேட்ட கன்பூசியஸ் அல்ல.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமலில்லை. நாற்பத்தைந்து பேர் வகுப்பில் ஒரு ஆண் ஆசிரியர் காமத்துப்பாலை எடுத்தால் கேலியும் கூச்சலும் எழும், கோணலான ஆசிரியர் கையில் அது ஆபத்தாகும், பெற்றோர் சங்கம் வாசலில் நிற்கும். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் சீனத்தைப் பாருங்கள். பள்ளி வயதுக் காதலைக் கண்டாலே பெற்றோரை வரவழைக்கும் வழக்கம் அங்கேயும் பலமாக உண்டு. அப்படியிருந்தும் ஆற்றுத்திட்டுப் பறவைகளின் பாட்டு இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது. அரசியின் கற்பென்ற உரை போய், இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் மீட்டெடுத்தபடி நாட்டார் காதல் பாட்டாகவே இருக்கிறது. அதை ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். அந்த நோய் நமக்கு மட்டும் சொந்தமல்ல. என்றாலும் பாட்டு கையில் இருக்கிறது.

நமக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பதினாறு வயது, பொதுத்தேர்வு இல்லாத ஓராண்டு, விடைக்குறிப்புக்குக் கட்டுப்படாத ஒரு தமிழ் வகுப்பு. 25 அதிகாரமும் வேண்டாம், ஆறு எடுத்துக்கொள்ளலாம். புலவி நுணுக்கம் அதில் கட்டாயம். கலித்தொகைச் செவிலியைச் சேர்க்கலாம். பயணியின் மொழிபெயர்ப்பிலிருந்து நாலைந்து சீனப் பாட்டுகளைப் பக்கத்தில் வைத்தால், இந்த மனம் நம் சாதிக்கோ மொழிக்கோ மட்டும் வாய்த்ததல்ல என்பதும் தானே விளங்கும். மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் எழுதியதற்குப் போடலாம், மனப்பாடத்துக்கு வேண்டாம். ஆசிரியர்களுக்கு முதலில் இரண்டு நாள் பயிற்சி வேண்டும். அதில் முதல் காட்சியாக அந்தக் கிழட்டு வாத்தியாரும் சுன்ஷியாங்கும் பறவைபோலக் கூவும் இடத்தை நடித்துக் காட்டச் சொல்லலாம். அவர் எங்கே சறுக்கினார் என்று ஆசிரியர்கள் தங்களுக்குள் வாதிட்டு முடித்த பிறகு வகுப்புக்குப் போகட்டும்.